வாரண்டி கேட்ட திருடி

அத்தியாயம் 6

"யக்கா, முறுக்குங்க! இண்டிகேட்டர் போட்டுட்டான், ஹாஸ்டல் ரோட்டுல திரும்பப் போறான்!"

பின்சீட்டிலிருந்து நெல்லையப்பன் போட்ட கூச்சல் ஹெல்மெட்டைத் தாண்டி ஃபெபியின் காதில் இறங்கியது. அவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள். ஸ்கூட்டர் ஒரு தடவை இருமிவிட்டு, வேறு வழியில்லாமல் ஓடியது.

முன்னால் புத்தம் புதுக் கார்களை இரண்டடுக்காகச் சுமந்துகொண்டு ஒரு ட்ரெய்லர். அதற்கும் முன்னால் வெள்ளைக் கம்பெனி பஸ். ஒரகடத்தில் முதல் ஷிப்ட் முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகிறது. கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் தீர்ந்தது கதை. வார்டன் அம்மாள் சொந்தக்காரரைத் தவிர வேறு வெளியாள் நிழலைக்கூட உள்ளே விடமாட்டாள். காலையில் போய்க் கெஞ்சிப் பார்த்து, நாய் குரைத்ததோடு திரும்பியிருந்தார்கள்.

நல்லகாலம், ட்ரெய்லர் நடுரோட்டில் யூ-டர்ன் போட ஆரம்பித்தது. பஸ் நின்றது. நெல்லையப்பன் ஸ்கூட்டர் நிற்பதற்குள் குதித்து, பஸ் படிக்கட்டில் தொற்றினான்.

"யோவ், யாருய்யா நீ? லேடீஸ் பஸ்ஸு இது!" என்றார் டிரைவர்.

"தெரியாமலா அண்ணாச்சி இவ்வளவு வேகமா ஓடி வந்தேன்?"

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து ஒரகடத்தில் பம்பர் மாட்டும் லைனில் நின்றவன் அவன். சூப்பர்வைசரைக் கிண்டல் செய்து வேலை போனபிறகு, ஸ்ரீபெரும்புதூரில் மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்த ஃபெபியிடம் வந்து ஒட்டிக்கொண்டான். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"இங்க கனகலட்சுமி யாரு?"

யாரும் திரும்பவில்லை.

"கனகலட்சுமி! ஏ தாயி, கனகலட்சுமி!"

ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பக்கத்து சீட்டுப் பெண் முழங்கையால் இடித்தாள். "யக்கா, ஒங்களத்தான்!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். முப்பதை நெருங்கும் முகம். 'ஹெட்செட் மாட்டியிருந்தா எப்படிக் கேக்கும்' என்று சொல்ல வாயெடுத்த நெல்லையப்பன், காதில் ஹெட்செட் இல்லாததைப் பார்த்தான். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நின்ற காது, பாவம் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். கழுத்தில் கம்பெனி ஐடி தொங்கியது. அட்டையில் இருந்த முகமும் அவள் முகமும் ஒன்றே. கீழே கனகலட்சுமி என்று பேர். ஆள் சரிதான்.

அதற்குள் ஃபெபி ஸ்கூட்டரை ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

"உன் கிரெடிட் கார்டுல எவளோ கிரைண்டர் வாங்கிட்டான்னு கம்ப்ளைன்ட் வந்திருக்கே, அந்த விஷயமா வந்திருக்கேன்."

கனகலட்சுமியின் முகம் வெளுத்தது. "எனக்கு அந்த ரூவா வேண்டாம் மேடம். விட்டுருங்கன்னு வார்டன்கிட்டயும் சொல்லிட்டேன். அவியதான் கேக்க மாட்டேங்காவ."

"அப்ப எதுக்கு வார்டன் வரைக்கும் போச்சு?"

"மெசேஜப் பாத்ததும் கத்திட்டேன். அவிய காதுல விழுந்துட்டு. உடனே பேங்குக்குப் போனு, கடைக்குப் போனு…"

"பின் நம்பர் யாருக்குத் தெரியும்?"

பதில் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. "எங்க ரூம்ல எல்லாருக்கும் தெரியும் மேடம். யாரு ஷிப்ட் முடிஞ்சு மொத வாராளோ, அவ அக்கா கார்ட எடுத்துட்டுப் போயி எல்லாருக்கும் சாமான் வாங்கியாருவா. நம்பர் மறந்துரக் கூடாதுன்னு கண்ணாடியில ஸ்டிக்கர் பொட்டால ஒட்டி வச்சிருக்கோம்."

"கேட்டு வாசல்ல கோலமா போடாம விட்டியளே, அதுவரைக்கும் நல்லது" என்றான் நெல்லையப்பன்.

ஃபெபி சிரிக்கவில்லை. "முந்தின நாள் ரூமுக்கு வெளியாள் யாராச்சும் வந்தாங்களா?"

"அக்காவோட நாத்தனா வந்தாவ, முறுக்கு—"

கனகலட்சுமி அவள் கையை அழுத்தினாள். "அவளச் சேக்காதிய மேடம். அவ திருடல."

அதைச் சொன்ன விதத்தில் 'இருக்காது' என்ற சந்தேகமே இல்லை. தெரிந்தவள் சொல்வதுபோல் இருந்தது. ட்ரெய்லர் விலகியது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். ஃபெபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சொன்னாள்.

"படப்பைக் கடையில பில்லு போட்ட பொண்ணு பேரு ஜெர்சி. கடையில விளக்கு போட்டதும் முதலாளி அவள ஸ்டேஷனுக்குக் கூட்டிகினு போறார், திருடிக்கு உடந்தைன்னு. அவளும் திருடல. முடிஞ்சா கடைக்கு வா."

பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் அந்த முகம் திரும்பிப் பார்த்தபடியே போனது.

"பணம் போனவ பணம் வேண்டாங்கா" என்றான் நெல்லையப்பன் ஏறி உட்கார்ந்து. "யக்கா, வடக்க வந்ததுக்கப்புறம் எங்க ஊர்க்காரங்களுக்கே இளகின மனசு வந்துட்டுல்லா?"

"மனசு இளகல நெல்லை. பயம்" என்றாள் ஃபெபி. "எதுக்குன்னுதான் தெரியல."

---

படப்பை பஜாரில் தாண்டவராயனின் வீட்டு உபயோகப் பொருள் கடை. வாசலில் வாஷிங் மெஷின்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளே கல்லாவுக்கு எதிரே ஜெர்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள், யாரோ அதையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதைப்போல. ஃபெபி போகும் சர்ச்சுக்கே ஜெர்சியின் அம்மா காலையில் வந்து காலைப் பிடிக்காத குறையாக அழுததால்தான் இந்த ஓட்டமெல்லாம்.

"வாம்மா துப்பறியும் மேடம்!" என்றார் தாண்டவராயன். "கண்டுபுடிச்சிட்டியா? நானே சொல்றேன் கேட்டுக்க. கிரைண்டர் வித்த அன்னிக்கு அந்தக் கனகலட்சுமி கம்பெனி லைன்ல நின்னுகினு கீது. பஞ்ச் அடிச்சிருக்குது, வார்டனே சொல்லிச்சு. இவ இன்னாடான்னா, கனகலட்சுமியே நேர்ல வந்து ஆதாரக் காட்டிச்சுன்றா. ஒரு பொம்பள ரெண்டு எடத்துல நிப்பாளா? இவளும் அவளும் கூட்டு. அவ்ளோதான்!"

"நான் பாத்தேன் சார்!" ஜெர்சி எழுந்தாள். "கார்டுல கனகலட்சுமி. ஆதார்லயும் கனகலட்சுமி. போட்டோல இருந்த மூஞ்சிதான் எதிர்லயும் நின்னுது. மூக்குக்குக் கீழ மச்சம் வரைக்கும் பாத்தேன்!"

"உன்ன யாரு பாக்கச் சொன்னா? கார்டுன்னா தேய்ச்சிட்டு அனுப்புன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்? ஐடி எங்கன்னு கேட்டா கஸ்டமர் 'என் மூஞ்சி திருடன் மூஞ்சியாட்டம் கீதா'ன்னு கோவிச்சுகினு எதிர்க்கடைக்குப் போறான். பின் நம்பர் போட்டா போதும்னு பேங்க்காரனே சொல்றான். நீ பெரிய இன்கம்டாக்ஸ் ஆபீசர்!"

"பின் நம்பர பாதிப் பேரு சத்தமா சொல்லி என்னையே அடிக்கச் சொல்றாங்க சார். எவன் கார்டு எவன் கையில இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு நிமிஷம்" என்றாள் ஃபெபி. "ஐடி கேக்காதன்னு சொன்னதும் நீங்க. ஐடி சரியா பாக்கலன்னு ஸ்டேஷனுக்குப் போறதும் நீங்க. ரெண்டுல எது கடையோட சட்டம்?"

தாண்டவராயன் விசிறியைப் பார்த்தார்.

நெல்லையப்பன் சுவரில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தான். "அண்ணாச்சி, இதுல அவ மூஞ்சி விழுந்திருக்குமே?"

"விழாது" என்றாள் ஜெர்சி கசப்பாக. "கேமரா என் கையத்தான் பாக்குது."

உண்மைதான். கடையிலிருந்த ஒரே கேமரா கல்லாப்பெட்டியைக் குறிபார்த்து நின்றது. திருடன் வாசல் வழியாக வருவான் என்று தாண்டவராயன் நினைத்ததே இல்லை.

ஃபெபி வாஷிங் மெஷின்களுக்கும் மிக்ஸிகளுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தாள். அவளால் நின்று யோசிக்க முடியாது. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோக்கள் தாம்பரம், தாம்பரம் என்று கத்திக்கொண்டு போயின.

"போலி ஆதார் அடிச்சிருப்பா யக்கா" என்றான் நெல்லையப்பன்.

"போலி ஆதார் அடிக்கத் தெரிஞ்சவ, போன் வாங்குவா, டிவி வாங்குவா. ஷேர் ஆட்டோல ஏத்தவே முடியாத கிரைண்டர வாங்குவாளா?" ஃபெபி ஜெர்சியிடம் திரும்பினாள். "அவ எப்படி இருந்தா? பதறினாளா? அவசரப்பட்டாளா?"

"அவசரமா? நல்லா கேட்டீங்கக்கா! மூணு கிரைண்டர ஓடவிட்டுப் பாத்தா. வெலைய கொறைன்னா. ஹாட்பாக்ஸ் ஃப்ரீன்னு போர்டு போட்டுட்டு ஏன் தரலன்னு ஒரு சண்டை. அப்புறம் வாரண்டி கார்டுல சீல் குத்திக் குடுத்தாதான் போவேன்னு நின்னா. சீலு சார் பையில போயிடுச்சு, அப்புறம் வாங்கன்னேன். 'சீல் இல்லாத வாரண்டிய வச்சி நான் என்ன செய்ய'ன்னு திட்டிகினே போனா."

ஃபெபி நின்றுவிட்டாள்.

"ஊரான் கார்டுல ஓசிக்கு வாங்கினவ, வாரண்டிக்கு ஏன் சண்டை போடணும்?"

எங்கோ ஒரு டெமோ மிக்ஸி மட்டும் சுற்றி நின்றது.

"சார்" என்றாள் ஃபெபி மெதுவாக. "வாரண்டி சீலு கேட்டு யாராச்சும் போன் பண்ணினாங்களா?"

தாண்டவராயனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "அத்த ஏன் கேக்குற? தெனம் ஒரு பொம்பள போன் பண்ணி, சீலு வந்துச்சா சீலு வந்துச்சான்னு உசுர எடுக்குது. நான் கட் பண்ணிருவேன்…" சொல்லிக்கொண்டே வந்தவர் வாய் பாதியில் நின்றது.

"கடைக்குத் தெனம் போன் பண்ணி நலம் விசாரிக்கிற திருடிய இப்பதான் யக்கா பாக்கேன்" என்றான் நெல்லையப்பன். அவனே அந்த நம்பரைப் போட்டான். "அம்மா, கிரைண்டர் கடையில இருந்து பேசுதேன். சீலு வந்துட்டு. வீட்டுக்கே வந்து குத்தித் தாரோம். எங்க இருக்கிய?"

மறுமுனை சந்தோஷத்தில் கத்தியது அவனுக்கு மட்டுமல்ல, கடைக்கே கேட்டது. புது பிளாட் போட்ட தெரு, தண்ணீர் டேங்குக்குப் பின்னால், பச்சை கேட். கூடவே ஹாட்பாக்ஸையும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னது.

---

முகவரியே தேவைப்படவில்லை. தண்ணீர் டேங்கைத் தாண்டியதும் கிரைண்டர் சத்தமே வழிகாட்டியது.

பச்சை கேட்டுக்கு உள்ளே ஒற்றை அறை வாடகை வீடு. நடுவீட்டில் கிரைண்டர் கடகடவென்று ஓட, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசுப் பெண் ஒருத்தி மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்குக் கீழே மச்சம்.

"நெல்லை, வாசல்லயே நில்லு" என்றாள் ஃபெபி. கையில் தாண்டவராயன் கொடுத்த சீலும் இங்க் பேடும்.

நெல்லையப்பன் ஹாட்பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைத் தாண்டிக் காதைத் தீட்டினான். கிரைண்டர் விடவில்லை. ஃபெபியின் உதடு அசைந்தது. அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. அவள் முதலில் கோபப்பட்டாள். பிறகு கையை ஆட்டி ஆட்டி என்னவோ நியாயம் சொன்னாள். சட்டென்று மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். ஃபெபி அதைப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் நெல்லையப்பனுக்குப் புரியாத ஒரு காரியம் செய்தாள். வாரண்டி கார்டை வாங்கி, சுவரில் வைத்து, அழுத்தி ஒரு சீல் குத்தினாள்.

கிரைண்டர் நின்றது.

"கையக் கழுவிகினு வாம்மா. கடை வரைக்கும் போலாம். ஆதார் எடுத்துக்க."

வாசலுக்கு வந்த ஃபெபியை நெல்லையப்பன் முறைத்தான். "திருடிக்கு மரியாதையா சீல் வேற குத்திட்டியளே!"

"வாரண்டி அவளுக்குத்தான் செல்லும் நெல்லை."

"வெளங்கல."

"எனக்கு வெளங்கிடுச்சு. அதான் பிரச்சினை." ஃபெபி வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஜெர்சிய காப்பாத்தற உண்மை கையில கீது. ஆனா அத்த சொன்னா இன்னொரு பொண்ணு சோறு போயிடும். இந்த வாயால நான் சொல்லணுமா?"

நெல்லையப்பன் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி அந்தப் பெண்ணை ஏற்றினான்.

---

அவர்கள் நுழைந்தபோது தாண்டவராயனின் கை விளக்கு ஸ்விட்சில் இருந்தது.

"இவங்கதான்!" ஜெர்சி பாய்ந்து எழுந்தாள். "சார், இவங்கதான் வந்தது!"

"ஆங்! புடிச்சிட்டியா? யேய், கதவச் சாத்து!" தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னா தைரியம் இவளுக்கு!"

"கத்தாதீங்க சார். ஜெர்சி, நீ எப்பவும் என்ன கேப்பே? அதக் கேளு."

ஜெர்சி தடுமாறினாள். "மேடம்… ஐடி ஏதாச்சும் கீதா?"

அந்தப் பெண் ஆதாரைக் கவுண்டரில் வைத்தாள். தாண்டவராயன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "க-ன-க-லட்சுமி. தோ பாரு! டூப்ளிகேட் அடிச்சி வச்சிகீறா!"

ஃபெபி செல்போனை எடுத்து அட்டையின் மூலையிலிருந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து காட்டினாள். திரையில் அதே பேர் வந்தது. அதே முகம். அதே மச்சம்.

"அசல் சார். கார்டுல அச்சடிச்ச பேரு இவங்களோடது. பேங்க்ல கைரேகை வச்சது இவங்க. இந்த ரோட்டுல அத்தினி கடையிலயும் ஒழுங்கா ஐடி பாத்த ஒரே ஆளு ஜெர்சிதான். ஒழுங்கா பாத்ததாலதான் மாட்டிகினா."

ஜெர்சி தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்த முறை வந்த அழுகை வேறு.

நெல்லையப்பனின் மண்டைக்குள் மட்டும் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. *கனகலட்சுமி! ஏ தாயி, கனகலட்சுமி!* ஹெட்செட் இல்லாத காது. திரும்பாத தலை. அவன் தன் கண்ணால் சரிபார்த்த அந்தக் கம்பெனி ஐடி. முகமும் முகமும் ஒன்று என்று அவன்தானே பார்த்தான்? முகம் சரி. பேர்?

"எம்பேருல ஒரு கார்டு ஓடுதுன்னு எனக்கே தெரியாது சார்" என்றாள் இந்தக் கனகலட்சுமி கவுண்டரைப் பார்த்தபடி. "ஒரு பைனான்ஸ்ல தவணைக்கு கிரைண்டர் கேட்டுப் போனேன். ஒங்க பேருல ஏற்கெனவே கார்டு இருக்கு, அதுல வாங்குங்கன்னு அனுப்பிட்டான். ஹாஸ்டல் ரூமுக்குப் போனப்ப கார்டு தலையணை மேல கெடந்துச்சு, நம்பரு கண்ணாடியில பொட்டாட்டம் ஒட்டியிருந்துச்சு. எம்பேரக் குடுத்தது குடுத்ததுதான், இல்லங்கல. அந்தப் பேருல ஒரு கிரைண்டர் வாங்க எனக்கு ஆகாதா?"

"யாருக்கும்மா குடுத்தே உன் பேர?" என்றார் தாண்டவராயன்.

அவள் ஃபெபியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிட்டால் நாளைக் காலை வார்டன் வழியாகக் கம்பெனிக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் தாண்டவராயன் விடமாட்டார். ஃபெபியின் விரல்கள் கவுண்டரில் தாளம் போட்டன.

"மைனி!" என்றாள் கனகலட்சுமி திடீரென்று.

வாசலில், வாஷிங் மெஷின்களுக்கு நடுவே, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பஸ்ஸில் பார்த்த அந்தப் பெண், அவளுடைய அண்ணி, நின்றிருந்தாள். ஓடி வந்திருப்பாள் போல. மூச்சு வாங்கியது. அவள் யாரையும் பார்க்காமல் நேரே ஜெர்சியிடம் போனாள்.

"ஒன்ன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாவன்னாவ. போவாண்டாம் தாயி."

கழுத்திலிருந்த கம்பெனி ஐடியைக் கழற்றி, ஆதாருக்குப் பக்கத்தில் வைத்தாள். கவுண்டரில் இரண்டு அட்டைகள். பேர் ஒன்று. முகம் இரண்டு.

"இன்டர்வியூவுக்கும் பேங்குக்கும் வந்தது இவ. அதுக்குள்ள இவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டு. வேலையில சேருத அன்னைக்கு வந்தது நானு. எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு அந்த கேட்டு தெறக்காது சார். இவ சர்டிபிகேட்டுக்குத் தெறந்துச்சு."

"வேண்டாம் மைனி, சொல்லாதிய" என்று கனகலட்சுமி அவள் கையைப் பிடித்தாள். "நான் ஒங்ககிட்டக் கேட்டுட்டு எடுத்திருக்கணும்."

"ஒம்பேரு அது, ஏட்டி. நீ யாரக் கேக்கணும்?"

தாண்டவராயன் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்விட்சிலிருந்த கை எப்போதோ கீழே இறங்கியிருந்தது.

"இவ கனகலட்சுமின்னா, நீ யாரும்மா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்து, ஒரு கணம் நின்றாள். லைனிலும் ரூமிலும் பஸ்ஸிலும் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. நெல்லையப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். பஸ்ஸில் அவன் கூப்பிட்டபோது திரும்பாத முகம், இப்போது தானாக நிமிர்ந்தது.

"சந்தனமாரி" என்றாள்.